ஆறாம் வகுப்பில் புதுப் பள்ளி: கூட்டாளி கிடைக்கும் வரை என்ன செய்யலாம்?

#1 நெல்லிமரம்

தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்து, டி.சி. வாங்கி, ஜூனில் உயர்நிலைப் பள்ளியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ ஆறாம் வகுப்பு சேரும் பிள்ளைகளுக்காக இந்த இழை. பாடம், டியூஷன் பற்றி வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே இரண்டே விஷயம்: கூட்டாளி பிடிப்பது, "நான் இப்படி இருக்கிறேனே" என்று குமையாமல் இருப்பது. எல்லாரிடமும் சொந்த அனுபவம் இருக்கும், ஆனால் கதை வேண்டாம். நாளைக் காலையில் ஓர் அம்மாவோ ஆசிரியரோ செய்யக்கூடியதாக எழுதுங்கள். எது சரிவராமல் போகும், ஏன் போகும் என்பதையும் சேர்த்தால் நல்லது.

முதல் கேள்வி: ஜூலை ஆகியும் "எனக்கு ஃப்ரெண்டே இல்லை" என்று பிள்ளை சொன்னால் பயப்பட வேண்டுமா?

#2 கரும்பலகை

ஜூலையில் பயப்பட வேண்டாம். நேரக்கணக்கைப் பாருங்கள். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளரின் 2018 ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்று வந்தது. அது பெரியவர்களையும் கல்லூரி மாணவர்களையும் வைத்துச் செய்தது. பதினொரு வயதுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒரு மதிப்பீட்டுக்கு உதவும்.

வகுப்பில் பேச முடியாது. பேசிப் பழக மதிய இடைவேளை 40 நிமிடம்தான். 50 மணி என்றால் 75 பள்ளி நாள். ஜூன் நடுவிலிருந்து எண்ணினால் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். ஜூலையில் நட்பு இல்லை என்பது பிள்ளையின் குறை இல்லை, நேரம் இன்னும் சேரவில்லை.

ஆனால் சும்மா காத்திருந்தால் நேரம் சேராது. ஒரே ஆளோடு, திரும்பத் திரும்ப, சின்ன வேலை இருக்க வேண்டும். அதை ஏற்பாடு செய்வது வகுப்பாசிரியர் கையில்.

ஐந்தாம் வகுப்பில் நாள் முழுக்க ஒரே டீச்சர். யார் யாரோடு சண்டை, யார் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆறில் பீரியடுக்கு ஒருவர் வந்து போகிறார், யாருக்கும் முழுப் படம் கிடைப்பதில்லை. பள்ளியிலேயே பெரியவனாக இருந்த பிள்ளை, பிளஸ் டூ அண்ணன்கள் நடுவே பொடியனாகிறான். தொடக்கப்பள்ளியிலிருந்து சேர்ந்து வந்த நாலு பேரும் நாலு செக்‌ஷனில் விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

#3 இரண்டாம்மணி

ஒரு சின்ன விஷயம், யாரும் கவனிப்பதில்லை. ஐந்தாம் வகுப்பு வரை சண்டைக்கு ஒரு முறை இருந்தது. சுண்டுவிரலைக் காட்டிக் காய் விட்டால் பேச்சு இல்லை. பழம் விட்டால் முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்று பேச வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பில் அது "சின்னப் பிள்ளைத்தனம்" ஆகிவிடுகிறது. காய் விடுவது மட்டும் வேறு உருவத்தில் தொடர்கிறது: பேசாமல் இருப்பது, இடம் மாறி உட்காருவது, இன்னொருத்தியிடம் போய்ச் சொல்வது. பழம் விடுவதற்குத்தான் வழி இல்லாமல் போகிறது. ஐந்தாம் வகுப்பில் அரை நாளில் முடிந்த சண்டை இங்கே மூன்று வாரம் ஓடுவதற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து.

அதற்குப் பதிலாக ஒரு வழியைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். "சாரி" சொல்லு என்று தள்ளினால் நடக்காது, ஏனென்றால் அது தோற்றதை ஒப்புக்கொள்வது போல இருக்கும். பொருளை வைத்துப் பேசத் தொடங்குவது எளிது. "ஸ்கேல் இருக்கா?" "நேத்து தமிழ் ஹோம்வொர்க் என்ன?" இவ்வளவுதான். எதிராளி பதில் சொன்னால் பழம் விட்டாச்சு. சொல்லாவிட்டால் மறுநாள் ஒரு தடவை, அதற்கு மேல் இல்லை. மூன்றாம் நாளும் போய்க் கேட்டால் கெஞ்சுவது போல ஆகி, பிள்ளையின் மதிப்பு இறங்கும்.

#4 கரும்பலகை

பெஞ்ச் மாற்றுவது பற்றி விரிவாக எழுதுகிறேன், பெரும்பாலான தவறு இங்கேதான்.

36 பேர் என்று வையுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நாலு பெஞ்ச், பெஞ்சுக்கு மூன்று பேர். முதல் நாள் அகர வரிசைப்படி உட்கார வையுங்கள். உயரப்படி வேண்டாம், "தெரிந்தவங்க சேர்ந்து உட்காருங்க" என்பதும் வேண்டாம். அகர வரிசையில் யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் மிச்சமாகவில்லை. தனியாக வந்த பிள்ளைக்கும் முதல் நாளே இரண்டு பக்கத்துப் பெயர் கிடைக்கும்.

திங்கள்தோறும் பெஞ்ச் ஆட்கள் கலையாமல் மொத்தமாக ஒரு பெஞ்ச் பின்னால் நகரட்டும், கடைசி பெஞ்ச் முன்னால் வரட்டும். நாலு வாரத்தில் எல்லாரும் எல்லா இடத்தையும் பார்த்துவிடுவார்கள். ஐந்தாவது வாரம் ஒவ்வொரு பெஞ்சிலும் ஓர ஆள் ஒருவர் மட்டும் அடுத்த பெஞ்சுக்குப் போகட்டும். இரண்டு பேர் பழையவர்கள், ஒருவர் புதியவர். வாரத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் கலைத்தால் மணிக்கணக்கு சேராது. வருஷம் முழுக்க மாற்றாவிட்டால் ஆகஸ்டுக்குள் குரூப் இறுகிப்போய், பிறகு வருகிறவருக்குக் கதவு மூடிவிடும். கண்ணாடி போட்டவர், காது சரியாகக் கேட்காதவர் இந்தச் சுற்றில் சேர வேண்டாம். அவர்கள் பெஞ்ச் முன்னாலேயே இருக்கட்டும், பக்கத்து ஆள் மட்டும் மாறட்டும்.

"பேசுறீங்க, அதனால பிரிக்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நட்பைத் தண்டிப்பது போல ஆகிவிடும். தேதி வந்தது, மாறுகிறோம், அவ்வளவுதான்.

#5 தாமிரபரணிக்கரை

அகர வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை வெளிப்படையாகவே எழுத வேண்டும். ஆறாம் வகுப்பில் நட்பு எங்கே வெட்டுப்படுகிறது என்று பார்த்தால் பல ஊர்களில் சாதியில்தான். தொடக்கப்பள்ளி பெரும்பாலும் சொந்தத் தெருவை ஒட்டி இருக்கும். மேல்நிலைப் பள்ளிக்கு நாலைந்து ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். "நீ எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற கேள்வி முதல் வாரமே வரும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது ஊர்க் கேள்விதான். கேட்கச் சொல்லிவிட்ட பெரியவனுக்கு அப்படி இல்லை.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற அடையாளங்களுக்குத் தடை வேண்டும், அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்.

வகுப்பாசிரியர் செய்யக்கூடியவை: உதவித்தொகை விண்ணப்பத்துக்காக வகுப்பில் பெயர் வாசித்து எழுப்பி நிறுத்தாதீர்கள். பெற்றோரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். கயிறு கட்டி வரும் பிள்ளையை வகுப்பு நடுவே கழற்றச் சொல்லாதீர்கள், மறுநாள் அது வீரச் செயலாகி நாலு கையில் வரும். காலை வணக்கத்துக்கு முன் தனியாக, அவன் அண்ணனையோ அப்பாவையோ வைத்துப் பேசுங்கள், ஏனென்றால் கட்டிவிட்டது அந்தப் பிள்ளை இல்லை. வீட்டில் இருப்பவர்கள், பிள்ளை ஒரு கூட்டாளி பேரைச் சொன்னதும் "அவன் யாரு வீட்டுப் பையன்?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு பிள்ளை கூட்டாளிகளைப் பற்றி வீட்டில் பேசாது.

#6 சோற்றுப்பானை

மதிய இடைவேளை 40 நிமிடம் என்று கரும்பலகை எழுதினார். சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு அது 40 நிமிடம் இல்லை. தட்டோடு வரிசையில் 10, 15 நிமிடம் போகும். டிபன் பாக்ஸ் கொண்டு வருகிற பிள்ளைகள் அதற்குள் சாப்பிட்டு முடித்து மைதானத்துக்குப் போய்விடுவார்கள். சத்துணவுப் பிள்ளைகள் வரும்போது ஆட்டம் பிரித்தாகிவிட்டது. இப்படியே ஒரே வகுப்பு இரண்டாகிறது, யாரும் திட்டமிடாமலே.

சரிசெய்வது எளிது. தட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் டப்பா திறப்பது என்று முதல் வாரமே பழக்கிவிடுங்கள். பெஞ்ச் மூவரும் ஒரே இடத்தில் உட்காரட்டும். ஆட்டம் பிரிப்பது இரண்டாவது மணிக்குப் பிறகு. முதல் பத்து நாள் ஓர் ஆசிரியர் அங்கே நின்றால் போதும்.

இன்னொன்று. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்றுதான் வந்தது. அதில் பழகிய பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும்போது காலைச் சாப்பாடு மறுபடி வீட்டுப் பொறுப்பு. பள்ளி தூரம், பஸ் ஏழரைக்கு. வெறும் வயிற்றோடு வந்தால் மூன்றாம் பீரியடில் எரிச்சல், சண்டை, அழுகை. அதைத் திமிர் என்று நினைக்கிறோம். முந்தின நாள் ஊற வைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, வாழைப்பழம் ஒன்று பையில் இருந்தால்கூட முதல் இடைவேளையில் சாப்பிடலாம். "இவன் யார்கூடவும் ஒத்துப்போறதில்லை" என்று முத்திரை குத்தும் முன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேளுங்கள்.

#7 விசில்

உடற்கல்வி பீரியட். இரண்டு கேப்டனை நிறுத்தி "ஆள் எடு" என்றால் கடைசியில் இரண்டு பேர் நிற்பார்கள். வாரம் இரண்டு தடவை அதே இரண்டு பேர். குண்டாக இருப்பவர், ஒல்லியாக இருப்பவர், புதிதாக வந்தவர். தன் உடம்பைப் பற்றிய தீர்ப்பை ஊர் நடுவே கேட்பது மாதிரி அது.

நம்மிடமே இதற்கு நல்ல முறை இருக்கிறது: உத்தி பிரித்தல். ஏறக்குறைய ஒரே திறன் உள்ள இரண்டு இரண்டு பேராகத் தோளில் கைபோட்டுத் தள்ளிப் போய் ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" கேப்டன் சொல்லைத்தான் தேர்ந்தெடுக்கிறார், ஆளை இல்லை. கடைசி என்று யாரும் இல்லை. அதைவிட முக்கியம், ஜோடி ஜோடியாகப் போய் ஒரு ரகசியம் வைத்துக்கொள்கிறார்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு அந்த ஒரு நிமிட ரகசியம் பெரிய விஷயம்.

ஜோடி சேர்ப்பதைப் பிள்ளைகளிடம் விட்டால் பழைய கூட்டாளிகளே சேருவார்கள். முதல் இரண்டு மாதம் ஆசிரியர்தான் ஜோடி சொல்ல வேண்டும். திறன் சமமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் வலுத்து ஆட்டம் கெடும், பிறகு "இவன் வந்ததாலதான் தோத்தோம்" என்று வரும்.

மகிழ் முற்றம் என்ற மாணவர் குழுக்கள் உள்ள பள்ளிகளில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிரித்திருப்பார்கள். அதில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் இருப்பதால், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த ஓர் அண்ணனோ அக்காவோ கிடைக்கும். தண்ணீர்க் குழாய், கழிப்பறைப் பக்கம் பெரிய பையன்கள் வம்பு செய்தால் அந்த அறிமுகம் உதவும்.

#8 ரிப்பன்

பட்டப்பெயர் பற்றி யாராவது எழுதுங்கள். "கருப்பி", "குட்டை", "சோடாபுட்டி" என்று கூப்பிட்டால் வீட்டில் "நீ அழகுதான்டா செல்லம்" என்று சொன்னால் போதுமா?

#9 காதுகொடு

பள்ளி ஆலோசகராக எழுதுகிறேன். போதாது. பிள்ளை கேட்டது அழகைப் பற்றி இல்லை. "எல்லார் முன்னாலும் என்னைச் சின்னதாக்கிட்டாங்க" என்பதுதான் பிள்ளை சொன்னது. "நீ அழகுதான்" என்றால் பேச்சு அங்கே முடிந்துவிடும். முதலில் நாலு கேள்வி கேளுங்கள்: எங்கே சொன்னாங்க? யார் யார் இருந்தாங்க? நீ என்ன செய்தே? அப்புறம் என்ன நடந்தது? அறிவுரை எதுவும் இல்லாமல் பதிலை முழுதாகக் கேளுங்கள். பாதிப் பாரம் அதிலேயே இறங்கும். ஒருவர்தான் சொல்கிறாரா, கூட்டமாகவா, ஒரே இடத்திலா என்பதும் தெரிந்துவிடும்.

இந்த வயதில் ஊரே தன்னைப் பார்ப்பது போலத் தோன்றும். டேவிட் எல்கைண்ட் 1967இல் இதைக் கற்பனைப் பார்வையாளர் என்று பெயரிட்டு எழுதினார். பிள்ளையிடம் "யாரும் உன்னைப் பார்க்கலை" என்று வாதாடாதீர்கள், நம்பாது. பதிலாக, "நேத்து உன் பக்கத்து பெஞ்சில் யார் என்ன கலர் ரிப்பன் கட்டியிருந்தா?" என்று கேளுங்கள். ஞாபகம் இருக்காது. அவர்களும் உன்னை அவ்வளவுதான் பார்க்கிறார்கள் என்பது தானாகவே விளங்கும்.

பதில் சொல்லப் பழக்குவது: குட்டையான பதில், சலிப்பான குரல், உடனே வேறு பேச்சு. "ஆமா, கருப்புதான். கணக்கு நோட்டைக் குடு." வீட்டில் ஐந்தாறு தடவை சொல்லிப் பார்க்கட்டும். குரல் நடுங்கினால் எதிராளிக்கு விருந்து. சிரித்து மழுப்பினாலும் அனுமதி கொடுத்தது போல ஆகிவிடும்.

#10 தாமிரபரணிக்கரை

இதில் ஒரு மாறுபட்ட கருத்து. சாதியைச் சொல்லி அழைத்தாலோ, உடம்பில் கை வைத்தாலோ, பணம் பிடுங்கினாலோ "சலிப்பான குரல்" கூடாது. அது பிள்ளை சமாளிக்க வேண்டியது இல்லை. அன்றைக்கே பெரியவரிடம் வர வேண்டும் என்று முதல் வாரமே சொல்லி வையுங்கள். திக்கிப் பேசுவதைப் பழித்துக் காட்டினாலும் அப்படித்தான். திக்கும் பிள்ளையிடம் குட்டையான பதில் கேட்பதே கொடுமை.

#11 காதுகொடு

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது எப்போதாவது வரும் கேலிக்கு மட்டும். மாணவர் மனசு என்ற புகார்ப் பெட்டி இருக்கும் பள்ளியில் பேர் இல்லாமலும் எழுதிப் போடலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "அந்தக் குள்ளப் பையன் எழுந்திரு", "குண்டம்மா, போர்டைத் துடை" என்பதெல்லாம் செல்லமாகச் சொன்னாலும், பட்டப்பெயருக்கு முத்திரை போட்டுக் கொடுப்பதுதான். ஆசிரியர் வாயில் ஒரு தடவை வந்தால் பத்தாம் வகுப்பு வரை ஒட்டும்.

#12 ரிப்பன்

பெண் பிள்ளைகள் பற்றி நானே சேர்க்கிறேன். பெண்களுக்கு உடல் மாற்றம் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள், ஆண்களுக்கு 9 முதல் 14க்குள் தொடங்கும். பெண்கள் உயரும் வேகம் ஏறக்குறைய இரண்டு வருஷம் முந்தி. அதனால் ஆறாம் வகுப்பில் பல பெண்கள் பையன்களைவிட உயரம். "ஒட்டகம்" என்று கூப்பிடப்பட்டுக் கூன் போட்டு உட்காரும் பிள்ளைக்கும், "குட்டை" என்று கூப்பிடப்படும் பையனுக்கும் இந்த ஒரு கணக்கைச் சொன்னாலே தெம்பு வரும். வரிசை மாறும், நேரம்தான் வேறு.

வியர்வை வாடை மற்ற மாற்றங்களுக்கு முன்னாலேயே வந்துவிடலாம். தினம் அக்குளில் சோப்பு போட்டுக் குளிப்பது, சட்டையைத் தினம் துவைத்து வெயிலில் காய வைப்பது, உள்ளாடை தினம் மாற்றுவது. இதை ஐந்தாம் வகுப்பு லீவிலேயே பழக்கிவிட்டால் "நாறுது" என்ற சொல்லைப் பிள்ளை கேட்க வேண்டியிருக்காது.

பையில் ஒரு சின்னத் துணிப்பை: நாப்கின் 2, உள்ளாடை 1, பழைய செய்தித்தாள். மாதவிடாய் வரவில்லை என்றாலும் ஜூனிலிருந்தே. எங்கே மாற்றுவது, எங்கே போடுவது, யாரிடம் சொல்வது என்பதை முதல் வாரமே அம்மா பள்ளிக்குப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பூப்பு நீராட்டு விழா வைப்பது குடும்பத்தின் விருப்பம். ஆனால் தெருவில் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைக்கும் முன் பிள்ளையிடம் கேளுங்கள். பள்ளிக்குப் போகும் வழியில் வகுப்புப் பையன்கள் அதைப் பார்க்கிறார்கள். மறுநாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

#13 நெல்லிமரம்

நன்றி. கரும்பலகை, தனித்து நிற்கும் பிள்ளையை ஆசிரியர் எப்படிக் கண்டுபிடிப்பது? சத்தம் போடாத பிள்ளை கண்ணில் படுவதே இல்லையே.

#14 கரும்பலகை

ஜூலை மூன்றாம் வாரம் ஆளுக்கு ஒரு சீட்டு. "அறிவியல் செயல்பாட்டுக்கு யாரோடு சேர விருப்பம்? மூன்று பேர்." மேலே தன் பேர். நீங்களே கையில் வாங்குங்கள், லீடரிடம் விடாதீர்கள். "யாரோடு பிடிக்காது?" என்று ஒருநாளும் கேட்காதீர்கள், மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிடும். வீட்டில் ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பாருங்கள். அம்பே வராத பேர்கள்தான் நீங்கள் தேடுவது. சீட்டைக் கிழித்துவிடுங்கள்.

அந்தப் பிள்ளையை வகுப்பில் எல்லாருக்கும் பிடித்த பிள்ளையோடு சேர்ப்பது வழக்கமான தவறு. எல்லாருக்கும் பிடித்த பிள்ளைக்கு ஏற்கெனவே ஆள் நிறைய, இன்னொருவருக்கு நேரம் இருக்காது. தனித்த பிள்ளை எழுதிய மூன்று பேரில் அமைதியான ஒருவரை எடுங்கள். "இவளோடு ஃப்ரெண்டா இரு" என்று சொல்லாதீர்கள். வேலை கொடுங்கள்: செடிக்குத் தண்ணீர், ஆசிரியர் ஓய்வறையிலிருந்து வரைபடம் கொண்டு வருவது, நூலகப் பதிவேடு. தினம் பத்து நிமிடம், இரண்டு பேர் மட்டும், இரண்டு வாரம்.

பாடத்திலேயும் செய்யலாம். எலியட் அரோன்சன் 1971இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில், கறுப்பின, வெள்ளை, மெக்சிகோ வழிப் பிள்ளைகள் முதல் தடவையாக ஒரே வகுப்புக்கு வந்து மோதிக்கொண்டபோது உருவாக்கிய முறை: பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒன்று, ஒருவர் இல்லாமல் மற்றவருக்குப் பாடம் முழுமையாகாது. நம் சமூக அறிவியலில் "தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள்" இதற்கென்றே எழுதியது போல: பூம்புகார், மதுரை, காஞ்சி. பெஞ்சில் மூன்று பேர், ஆளுக்கு ஒரு நகரம். பூம்புகார்க்காரர்கள் 12 பேரையும் ஒன்றாக விட்டால் இரைச்சல்தான், நாலு நாலு பேராக மூன்று குழு. 15 நிமிடம் அங்கே படித்துப் பேசிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பி ஆளுக்கு 5 நிமிடம் சொல்லிக்கொடுக்கட்டும். மிச்சத்தில் ஐந்து கேள்விச் சீட்டு. தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்குச் சின்னப் பகுதியை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உதவ வந்த முறையே அவமானமாகிவிடும்.

#15 காதுகொடு

தமிழ் வழியில் படித்து ஆங்கில வழி செக்‌ஷனில் சேர்ந்த பிள்ளையையும் பாருங்கள். பேச்சுக்காரியாக இருந்தவள் ஊமையாகிவிடுவாள், மற்றவர்கள் "மக்கு" என்று முடிவு கட்டுவார்கள். பாடம் இரண்டு வழியிலும் ஒன்றுதான். பாடநூல் கழகத்தின் தமிழ்வழிப் புத்தகத்தில் நாளைய பாடத்தை முந்தின இரவு 15 நிமிடம் வாசித்துவிட்டுப் போனால் வகுப்பில் ஒரு கேள்விக்காவது கை தூக்கலாம். அந்த ஒரு கை தூக்கல் நட்புக்கும் வேலை செய்யும்.

#16 நெல்லிமரம்

கடைசியாக ஒன்று. அரையாண்டுத் தேர்வு முடிந்தும் தனியாகவே இருந்தால்?

#17 காதுகொடு

இரண்டு வகை. தனியாக இருக்கப் பிடித்த பிள்ளை உண்டு. வரைவாள், வாசிப்பாள், ஒரே ஒரு கூட்டாளி போதும், பள்ளிக்கு மறுக்காமல் போவாள். அவளைக் கூட்டத்தில் தள்ளாதீர்கள், குறையாகவும் பேசாதீர்கள். "எப்பவும் இப்படித்தான் ஒதுங்கியே இருக்கும்" என்று உறவினர் முன் சொன்னால், இயல்பாக இருப்பது அவளுக்கே நோய் மாதிரித் தெரியும்.

ஒதுக்கப்பட்ட பிள்ளை வேறு. ஞாயிறு மாலை வயிற்றுவலி, திங்கள் காலை தலைவலி, லீவு நாளில் எதுவும் இல்லை. டிபன் அப்படியே திரும்பி வரும். பேனா, பென்சில் அடிக்கடி தொலையும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகாமல் அடக்கி வைத்து வீடு வந்ததும் ஓடுவாள். இதில் இரண்டு அறிகுறிகள் மூன்று வாரம் தொடர்ந்தால் வகுப்பாசிரியரைப் பாருங்கள், கேட் பக்கம் நின்று பேசாமல் நேரம் கேட்டு உட்கார்ந்து. தேதி, இடம், நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். எதிர்ப் பிள்ளையின் வீட்டுக்கு நேரே போகாதீர்கள். பெரியவர்கள் சண்டையாகிவிட்டால் பிள்ளைகள் சேரவே முடியாது.

ஒரு வாரத்தில் மாற்றம் இல்லை என்றால் தலைமையாசிரியர், பிறகு பள்ளி மேலாண்மைக் குழு. பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணிலும் பேசலாம். அடி, மிரட்டல், தொடுதல் என்றால் வரிசைக்குக் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098. "நான் இருந்து என்ன" என்ற மாதிரிப் பேச்சு ஒரு தடவை வந்தாலும் பிள்ளையைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், மனநல உதவிக்கான 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேச ஆள் உண்டு.

#18 இரண்டாம்மணி

17ஆம் பதிவோடு ஒன்று சேர்க்க வேண்டும். பழைய தொடக்கப்பள்ளிக் கூட்டாளிகளை விட்டுவிடாதீர்கள். வேறு செக்‌ஷன், வேறு பள்ளி ஆனாலும் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் அந்த நாலு பேரும் ஒரே வீட்டு வாசலில் விளையாட ஏற்பாடு செய்யுங்கள். அம்மா போனில் குரூப் ஆரம்பிப்பதைவிட அது நல்லது, வாட்ஸ்அப்பின் குறைந்தபட்ச வயதே 13. அந்த வாசலில் காய் விட்டால் பழம் விட இன்னும் கூச்சம் வந்திருக்காது.